பண்டாரவளையில் இறங்கியவர்

கந்தப்பன் பாஸ் இறந்த செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்குள் அவருடைய போனுக்குப் பதினொரு அழைப்புகள் வந்துவிட்டன. முந்தைய நாள் பெய்த மழையில் இலங்கை மலைநாட்டுப் பதுளை நகரின் மேல்பக்கத்துக் குழாய்கள் பல உடைந்திருந்தன. குழாய் வேலை செய்கிறவரை அங்கே பாஸ் என்பார்கள்; கூப்பிட்டவர்கள் எல்லாருக்கும் அவர் வேண்டியிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் மூக்குக்கண்ணாடியோடும் சாரத்தோடும் கிடந்த அந்தப் போனை மகள் சுபாஜினிதான் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாஸ், ஸஹாப்தீன் பேசுறேன். கடைக்குப் பின்னுக்கு பைப் வெடிச்சி வெள்ளமாப் பாயுது. ஒருக்கா வந்துட்டுப் போங்களேன்."

"நான் அவரு மக பேசுறேங்க. அப்பா விடியக்காலையில தவறிட்டாரு."

அந்தப் பக்கம் தண்ணீர் சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னா லில்லாஹி..." என்று மெல்லச் சொன்னார் ஸஹாப்தீன் முதலாளி. "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தேனே மகள். கையப் புடிச்சாரே."

அரைமணி நேரத்தில், நனைந்த சாரத்தோடு, ஒரு லொறி நிறைய நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து இறங்கினார். கடைக் குழாய் என்னவாயிற்று என்று சுபாஜினி கேட்டாள். "எந்த வால்வ எப்படித் திருகணும்னு வாப்பா காட்டித் தந்திருந்தாரு மகள். நானே பூட்டிட்டேன்," என்றார். தன்னைவிட எட்டு வயது மூத்த மனிதரை அவர் வாப்பா என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கந்தப்பனுக்கு எழுபத்தேழு வயது. பதுளையில் அவர் ஏறாத கூரையும் நுழையாத குசினியும் குறைவு. வேலை முடிந்ததும் குழாயைத் திறந்துவிட்டு முதல் கைத் தண்ணீரைத் தானே குடிப்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுவார். எந்த வேலைக்குப் போனாலும் சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு வந்துவிடுவார். நேர்த்திக்கடன்போல அதைக் காப்பாற்றினார். ஆறு தாண்டினால் மனைவி லெட்சுமி வாசலுக்கு வந்து நிற்பாள், அவள் நிற்கக்கூடாது என்பார்.

அவர் பிறந்தது தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா மாரிமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா பேச்சியம்மா கொழுந்து பறிக்கிறவள். கந்தப்பன் தொழிற்சாலையில் குழாய் வேலைக்குச் சேர்ந்து, இருபது வயதில் மலையில் இருந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பொதுக் குழாயான பீலிக்குத் தண்ணீர் இறக்குகிற அளவுக்குக் கைதேர்ந்திருந்தார். அது, இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசித் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம். மாரிமுத்து வீட்டில் எல்லாருடைய பெயரையும் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதே தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் இருந்த லெட்சுமியின் அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். கந்தப்பனும் லெட்சுமியும் அப்போது ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகத் தொடங்கி ஒரு வருசம் ஆகியிருந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் அந்த இரண்டு பேரைக் கேட்கவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதாம் ஆண்டு ஐப்பசியில் அந்தக் குடும்பம் கோச்சி, அதாவது ரயில், ஏறியது. தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பல். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுததால் மலைநாட்டில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். இதில் ஏறிய கந்தப்பன் எப்படி இங்கே தங்கினார் என்பதைச் சின்ன வயதில் சுபாஜினியும் தம்பி துஷாந்தும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"பண்டாரவளையில தண்ணி புடிக்க எறங்குனேன். கோச்சி விட்டுட்டுப் போயிருச்சு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கோச்சி போனபடியால்தான் அப்பா அம்மாவைக் கட்டினார், அதனால்தான் நாம் இருக்கிறோம் என்பது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. அவரும் சிரிப்பார். பிறகு எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்தக் கோச்சியின் விலை என்னவென்று சுபாஜினிக்குப் பிற்பாடுதான் விளங்கியது. கந்தப்பன் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். இங்கே தங்குவதற்கு எழுதிக் கொடுத்திருந்த நாள் முடிந்துபோனது. பிடிபட்டால் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். தானாக ஒருதடவை அம்மாவைப் பார்க்கப் போனாலோ, திரும்பி வரவே முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு அது. தோட்டத்தில் வேலைக்குப் பதிய முடியாததால் லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு பதுளை டவுனுக்கு இறங்கி, வீடு வீடாகக் குழாய் வேலை செய்ய ஆரம்பித்தார். அடையாள அட்டை இல்லை. கொழும்புக்குப் போனதில்லை. பொலிசைக் கண்டால் ரென்ச்சைத் தோளில் வைத்துக்கொண்டு, அவசர வேலைக்குப் போகிறவர்போல வேகமாக நடப்பார். அப்படி முப்பத்துமூன்று வருசம் நடந்தார்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது சுபாஜினிக்குப் பத்து வயது. ஓய்வு பெற்ற சிங்களத் தபால் அதிபர் குணதாச மாத்தயாவின் வீட்டுக்கு மேலே கந்தப்பன் அப்போதுதான் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி முடித்திருந்தார். தண்ணீர் விடவில்லை. அந்தத் தொட்டிக்குள் நாலு பேரும் இரண்டு பகல் இருந்தார்கள். துஷாந்த் தும்மினால் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வரும் என்று லெட்சுமி அவன் மூக்கைப் பொத்தியபடியே இருந்தாள். சீமெந்து ஈரம் குழந்தைகளுக்கு ஆகாது என்று கந்தப்பன் தன் சட்டையைக் கழற்றி விரித்து, இரண்டு பேரையும் அதன் மேல் உட்கார வைத்தார். குணதாச மாத்தயாவின் மனைவி துணி துவைக்கிற வாளிக்குள் சோறு வைத்து, மேலே ஈரத்துணி போட்டு எடுத்து வருவாள். வெளியே வந்தபோது வாடகை வீடு எரிந்து கிடந்தது. இந்தியாவில் குடியேறிய கோத்தகிரியில் இருந்து பேச்சியம்மா யாரையாவது பிடித்து எழுதி அனுப்பியிருந்த கடிதங்களும் அதில் போயின. கந்தப்பன் சாம்பலைக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றார். லெட்சுமி போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தொண்ணூற்றொன்றில் இந்தியாவுக்குப் போன தம்பி சின்னராசாவிடம் இருந்து கந்தப்பனுக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மா இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கிறார்கள் என்று அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வந்து தலைமுழுகினார்.

இரண்டாயிரத்து மூன்றில் சட்டம் வந்து அவருக்கும் குடியுரிமை கிடைத்தது. ஐம்பத்தாறு வயதில் முதல் அடையாள அட்டை. அதைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சுப் பக்கப் பையில் வைத்திருப்பார். அடுத்த வருசம் கோத்தகிரி போவோம், தம்பியையாவது பார்ப்போம் என்று லெட்சுமியோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் லெட்சுமிக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது.

அடுத்த பன்னிரண்டு வருசம் அவர் பதுளை டவுனை விட்டு வெளியே வேலைக்குப் போகவில்லை. வெலிமடையிலிருந்து, பண்டாரவளையிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு, "வீட்டுல வேலை இருக்கு," என்பதே பதில். கட்டிலில் இருந்து குசினிக்கும், குசினியில் இருந்து கக்கூசுக்கும் சுவர் நெடுக அரை அங்குல இரும்புக் குழாய் பொருத்தினார், அவள் இடது கையால் பிடித்து நடக்க. வளைவுகளில் கை வழுக்கும் என்று சணல் சுற்றினார். அவளைக் குளிப்பாட்டினார், சாப்பிட வைத்தார், தலை பின்னிவிட்டார். பின்னல் எப்போதும் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் சுபாஜினி வந்து பார்த்தபோது, ரிப்பன் அகப்படாமல், குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பால் பின்னலைக் கட்டியிருந்தார்.

"என்னப்பா இது?"

"லீக் ஆகாது," என்றாள் லெட்சுமி, கோணிய வாயால். அவர்கள் மூன்று பேரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று சுபாஜினி நினைக்கிறாள். இரண்டாயிரத்துப் பதினாறில் லெட்சுமி போய்ச் சேர்ந்தாள்.

அதற்கடுத்த வருசம் பள்ளிக்கூட விடுமுறையில் சுபாஜினி அவரைக் கோத்தகிரிக்குக் கூட்டிப் போனாள். அவள் அப்போது பண்டாரவளையில் ஆசிரியை; கல்யாணமாகி அங்கேயே குடியிருந்தாள். நாற்பத்தேழு வருசத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி பார்க்கப் போகிறார்கள் என்பதே வழியெல்லாம் அவளுக்கு நினைப்பாக இருந்தது. கோச்சி ஏறியபோது பத்து வயதாக இருந்த சின்னராசா இப்போது மருமகள் எடுத்தவர். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றார். "வாண்ணே," என்றார். பையை வாங்கி உள்ளே வைத்தார். அவ்வளவுதான்.

முதல் நாள் சாயங்காலமே கந்தப்பன் அந்த வீட்டுக் குழாய் சொட்டுவதைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் அதைக் கழற்றினார். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஆறு நாளில் அந்த வரிசையில் ஒன்பது வீட்டுக் குழாய்களையும் சரி செய்து முடித்தார். சின்னராசா படியில் உட்கார்ந்து பீடி குடித்தபடி அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அண்ணன் நிமிர்ந்தால் இவர் வேறு பக்கம் பார்ப்பார். பேச்செல்லாம் வாஷரைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், சாப்பிட்டு எழும்போது சின்னராசா சொல்லிவிட்டார்.

"சிலோன்ல இருந்து கேம்புக்குப் புதுசா ஆளுங்க வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டா, அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிரும். மூத்தவன் அடுத்த கப்பல்ல வர்றான்னு ஊருபூரா சொல்லிவச்சிருந்துச்சு. பதினஞ்சு வருசம் போச்சு. கப்பல் நின்ன பொறகும் போச்சு. ஆளுங்க சிரிப்பாங்க. நான்தான் போய்க் கூட்டிட்டு வருவேன். வாயில தண்ணி ஊத்தறப்பக்கூட, நான் ஊத்துறேன், அது ஒன் பேர சொல்லுது."

கந்தப்பன் கை கழுவிய இடத்திலேயே நின்றார். அவர் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

காலையில் அம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார். மேட்டில் உன்னிச்செடி இடுப்புயரம் மண்டிக் கிடந்தது. அடையாளக் கல் எப்போதோ போய்விட்டிருந்தது.

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றார் கந்தப்பன்.

"இங்கதாண்ணே எங்கயோ."

செம்பில் கொண்டுபோன தண்ணீரைக் கந்தப்பன் ஓரிடத்தில் ஊற்றவில்லை. செடிகளை விலக்கிக்கொண்டு அந்த மேடு முழுக்க நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து முடித்தார். கால் முழுக்க முள் கீறியிருந்தது.

திருச்சி விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கேதான், பக்கத்து நாற்காலியில் இருந்த மகளைப் பார்க்காமல், கந்தப்பன் அதைச் சொன்னார்.

"கோச்சி என்னய விட்டுட்டுப் போகலம்மா."

அவளுக்கு விளங்கவில்லை.

"போறதில்லேன்னு அம்மாகிட்ட சொல்ல முடியல. தெமோதரையில சொல்லலாம்னு நெனச்சேன், எல்ல ஸ்டேஷன்ல சொல்லலாம்னு நெனச்சேன். அது பக்கத்துல உக்காந்து என் முதுகத் தடவிக்கிட்டே வருது. பண்டாரவளையில, தண்ணி புடிச்சாறேன்னு போத்தல எடுத்துக்கிட்டு எறங்குனேன். தண்ணியும் புடிச்சேன். புடிச்சிட்டு சாமான் கொட்டகைக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். கோச்சி ஊதுச்சு. 'கந்தப்பா, கந்தப்பா'ன்னு அம்மா கத்துறது கேட்டுச்சு. நான் அசையல."

மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்தபடி, "பொறகு எழுதுன கடுதாசிலயும் அடுத்த கப்பல்ல வர்றேன்னுதான் எழுதுனேன். எல்லாத்துலயும்," என்றார்.

பண்டாரவளைக்கு அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் பஸ்ஸில்தான் வருவார். கோச்சியில் வந்தால் இடுப்பு வலிக்காதே என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குக்கூட அவர் வந்ததில்லை. அது அவருடைய பிடிவாதம் என்று இருந்துவிட்டாள். இப்போது அவர் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது, பிடிக்க முடியவில்லை. அவர் கொட்டகைக்குப் பின்னால் நின்றதால்தான் தானும் துஷாந்தும் இருக்கிறோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவி பதினைந்து வருசம் நின்றதும் அதனால்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"நம்ம அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும். தண்டவாளத்து ஓரமாவே நடந்து தெமோதரைக்கு வந்தேன். மறுநா காலையில கொழுந்து மலையில என்னயக் கண்டதும் அவ கூடையோட உக்காந்துட்டா. அவகிட்ட மட்டும் சொன்னேன். அதுக்கப்புறம் ஒருநாளும் அவ அதைப் பத்திக் கேக்கல. நானும் அவள ஒருநாளும் நிக்க வைக்கல."

ஆறு மணிக்குள் வீடு வந்துசேர்கிற வழக்கத்தை அவர் எதற்காக அவ்வளவு கவனமாகக் காப்பாற்றினார் என்பது சுபாஜினிக்கு அப்போது பிடிபட்டது.

அதன் பிறகு அவர் ஏழு வருசம் இருந்தார். சின்னராசா தானும் பதுளையைப் பார்க்க வருவதாகச் சொல்லிப் பாஸ்போர்ட் எடுத்தார். கொரோனா வந்தது, பிறகு இங்கே பெட்ரோலுக்கும் மருந்துக்கும் ஆட்கள் வரிசையில் நின்ற காலம் வந்தது, பிறகு அவருக்கே கண் ஆபரேஷன். அடுத்த வருசம், அடுத்த வருசம் என்றே போயிற்று. இந்த வருசம் மார்கழியில் கந்தப்பன் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் மூச்சுக்குத் தவித்தார். ஆறாம் நாள் சுபாஜினி வீடியோவில் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். முகத்தில் ஒட்சிசன் மாஸ்க். பேச முடியவில்லை. சின்னராசா, "அண்ணே, அண்ணே," என்றார். கந்தப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையைத் தூக்கினார். போகச் சொன்னாரா, வரச் சொன்னாரா என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியவில்லை.

இறுதிச் சடங்குக்குச் சின்னராசாவால் வந்து சேர முடியவில்லை. கட்டாரிலிருந்து வந்த துஷாந்துதான் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் கருமாதிக்கு இரண்டு நாள் முன்னால் சின்னராசா வந்து இறங்கினார். அண்ணன் படுத்த கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த இரும்புக் குழாயைத் தொட்டுப் பார்த்து, இது எதுக்கு என்றார். சொன்னார்கள். எழுந்து, அதைப் பிடித்தபடியே குசினி வரைக்கும் நடந்து போய்வந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் பகலில் வீடு ஓய்ந்திருந்தது. துஷாந்த் நாற்காலிகளை ஸஹாப்தீன் முதலாளியிடம் கொடுக்கப் போயிருந்தான். சின்னராசா பின்வாசலில் தனியாக இருந்தார். சுபாஜினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவும் இல்லாத இடத்தில் இதைத் தான் மட்டும் வைத்துக்கொண்டிருக்க அவளால் ஆகவில்லை.

"சித்தப்பா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு பண்டாரவளையில..."

"கொட்டகைக்குப் பின்னால நின்னான்," என்றார் சின்னராசா.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஜன்னலோரத்துலதான் உக்காந்திருந்தேன். கோச்சி வளையறப்ப பாத்தேன். போத்தல ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு செவுத்தோட ஒட்டி நிக்கிறான். அவனும் என்னயப் பாத்தானோ என்னமோ, தெரியல. அம்மா அந்தப் பக்கத்து ஜன்னல்ல கத்திக்கிட்டிருந்துச்சு."

"ஏன் சித்தப்பா யாருக்கும் சொல்லல?"

"பத்து வயசு. சொன்னா அம்மா கோச்சியில இருந்து குதிச்சிரும்னு பயம். கப்பல்ல சொல்லலாம்னு இருந்தேன். அங்க போயிச் சொல்லலாம்னு இருந்தேன். சொல்லணும்னு நெனைக்கிறப்பல்லாம் அது பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சேலை மாத்திக்கிட்டிருக்கும்." தேத்தண்ணியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "அவன் மேல கோவம்னு நெனச்சிக்கிட்டே இருந்துட்டேன். அன்னைக்கு சாப்பாட்டுல சொன்னேனே, அவன் பேர சொல்லிக்கிட்டே செத்துச்சுன்னு. பாதிதாம்மா சொன்னேன். நானும்தான் அம்மாவ நிக்க வச்சேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல. மறுநா மேட்டுல இருந்து வந்த பொறகு சொல்லலாம்னு பாத்தா, அவன் பைய எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கிறான்."

சுபாஜினிக்கு அழுகை வந்தது. இவரும் பார்த்தார் என்று தெரிந்திருந்தால் அப்பா அந்தக் கோத்தகிரி வீட்டில் ஒருதடவையாவது வாய்விட்டு அழுதிருப்பார். ஆறு நாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும். இனி அதைச் சொல்ல ஒருவர்தான் மிச்சம், கேட்க ஆளில்லை.

அவள் அழுது முடித்ததும் சின்னராசா, சுவரில் மாட்டியிருந்த லெட்சுமியின் படத்தைக் காட்டினார். அவர் அவளைப் பார்த்தது கீழ்ப் பிரிவில், இரட்டைப் பின்னல் போட்ட பெண்ணாக, ஒன்றிரண்டு தடவைதான்.

"அண்ணி நல்ல மாதிரியா?"

"நல்லவங்க சித்தப்பா."

"ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்களா?"

"இருந்தாங்க. கடைசிவரைக்கும் நல்லா இருந்தாங்க."

சின்னராசா தலையை ஆட்டினார். "அப்ப சரி," என்றார். "அப்ப சரி." துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, பத்து வயதுப் பிள்ளைபோலத் தோள் குலுங்க அழுதார்.